கைமாறிய நூல்கள்

ஒரு நல்ல நூல் நம்மிடம் வந்து சேரும் வழிகள் பல என்று தோன்றினாலும், சற்று நின்று யோசித்துப் பார்த்தால், அவை யாவும் ஏதோ ஒரு மனிதரின் வாசலைக் கடந்தே வந்திருக்கக் காண்கிறோம். புத்தகக் கடை அலமாரியில் நாமே கண்டெடுத்ததாக எண்ணிக்கொள்ளும் நூலின் பெயரைக்கூட, என்றோ ஒருநாள் ரயிலில் எதிரே அமர்ந்திருந்த ஒருவரோ, வகுப்பில் பாடத்தை விட்டு விலகிப் பேசிய ஓர் ஆசிரியரோ நம் செவியில் போட்டிருப்பார். அது மனத்தின் ஒரு மூலையில் கிடந்து, உரிய காலம் வந்தபோது நம் கையை அந்த அலமாரிப் பக்கம் நீளச் செய்திருக்கும். என் வாசிப்பின் சரித்திரத்தை நான் எழுதப் புகுந்தால், அந்நூல்களை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தவர்களின் சரித்திரமாகவே அது அமையும். அவர்களிற் பெரும்பாலோர், 1960களின் முற்பகுதியில், கும்பகோணத்தில் காவேரிக் கரையில் கூடிய ஒரு சிறு குழுவைச் சேர்ந்தவர்கள்.

அப்போது நான் அவ்வூர் அரசினர் கல்லூரியில் மாணவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் தாழ்ந்தபிறகு பகவத் படித்துறையில் சிலர் கூடுவது வழக்கம். அந்தக் கூட்டத்திற்குச் சங்கம் என்றோ மன்றம் என்றோ பெயர் கிடையாது. தலைவர், காரியதரிசி, சந்தா, தீர்மானம் எதுவும் கிடையாது. பணியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், மளிகை மண்டியில் கணக்கு எழுதிவந்தவர் ஒருவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்திருந்த தபால் இலாகா சிப்பந்தி ஒருவர், பட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸௌராஷ்டிர இளைஞர் ஒருவர், என்னைப் போன்ற மாணவர்கள் சிலர் ஆகிய இவர்களே அந்தச் சபை. மேட்டூர் நீர் வந்து ஆறு நிறைந்தோடும் ஆடி ஆவணியில் மேற்படிகளிலும், பங்குனி சித்திரையில் ஆறு வற்றிக் கிடக்கும்போது நடுமணலிலும் அமர்ந்து பேசுவோம். சென்ற வாரம் தாம் வாசித்தது எது, அதில் தம்மைப் பிடித்து நிறுத்திய இடம் எது, அதை யார் வாசிக்கவேண்டும் என்று கருதுகிறார் என்ற மூன்றையும் ஒவ்வொருவரும் சொல்லவேண்டும் என்பது, எவரும் விதிக்காமலே எங்களிடையே நிலைபெற்றுவிட்ட நியமம். இவற்றுள் மூன்றாவதுதான் அந்தச் சபையின் ஜீவநாடி. ஒருவர் ஒரு நூலைப் புகழ்ந்து பேசி நிறுத்தினால், தமிழாசிரியர் தம் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, “சரி, இதை யார் கையில் கொடுக்கப் போகிறீர்?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், நூலை வாசித்ததுபோலவே எதிரில் இருக்கும் மனிதரையும் வாசித்திருக்க வேண்டும்.

இதற்கு ஆதாரமாக அவர் அடிக்கடி எடுத்துக்காட்டும் சம்பவம் எங்கள் ஊருக்கே உரியது. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, கல்லூரித் தமிழாசிரியராகப் புதிதாக அமர்ந்திருந்த உ.வே. சாமிநாதையர், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் வாசித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்ட ஐயரவர்கள், தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அத்தனைக்கும் முதலியார் முகத்தில் திருப்தி தோன்றவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகிய பழைய காவியங்களை வாசித்ததுண்டா என்று அவர் கேட்ட அந்த வினாவிலிருந்துதான், 1887இல் சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அச்சேறி நம் கைக்கு வந்த பெரும்பணி தொடங்கிற்று. ஐயரவர்களின் ‘என் சரித்திரம்’ வாசித்த எவரும் மறக்கவொண்ணாத கட்டம் அது.

ஆனால் எங்கள் ஆசிரியர் வற்புறுத்திக் காட்டியது அந்த வினாவை மட்டுமன்று. வினாவிய பின்னர் முதலியார் செய்த காரியத்தையுந்தான். வாசித்ததில்லை என்ற விடையைக் கேட்டு, தம் பெருமையை நிலைநாட்டிக்கொண்டு எழுந்து போய்விட அவருக்கு வசதி இருந்தது. அவரோ சிந்தாமணிப் பிரதியொன்றைத் தேடி ஐயர் கையில் கொடுத்ததோடு நில்லாமல், தாமும் உடனிருந்து வாசிக்கத் தொடங்கினார். ஜைன காவியமாகிய அதில் விளங்காத பகுதிகள் எதிர்ப்பட்டபோது, ஐயரவர்கள் அவ்வூர் ஜைனர்களின் இல்லத்திற்குச் சென்றார். அங்கே சிந்தாமணியைப் பக்தி சிரத்தையோடு பாராயணம் செய்து பொருள் கேட்டுவந்த குடும்பங்கள் இருந்தன. பாடபேதங்களில் கண்ணாயிருந்த சைவ வித்துவானுக்கு, அந்நூலைத் தம் வாழ்வாகக் கொண்டிருந்த அவர்கள் ஆசிரியரானார்கள். “முதலியார் கொடுத்தது ஒரு பிரதி, ஜைனர் கொடுத்தது அதற்குள் போகும் வழி, இரண்டும் சேர்ந்தபோதுதான் ஐயருக்குச் சிந்தாமணி கிடைத்தது” என்று ஆசிரியர் முடிப்பார். நூலைக் கொடுப்பது என்றால் என்ன என்பதை நான் அன்று அறிந்துகொண்டேன்.

அந்த வழியைக் காட்டும் திறமையில் எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகை. தபால் இலாகா நண்பர் தம் வாலிபத்தில், திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்தில் நடந்த ‘வட்டத்தொட்டி’ என்னும் இலக்கியக் கூட்டத்தில் ஓர் ஓரமாக அமர்ந்து கேட்டவர். அங்கே கம்பனின் செய்யுள் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு சொல்லும் எந்தத் தொனியில், எவ்வளவு நிறுத்தத்தோடு வரவேண்டும் என்று அனுபவித்து, மாலைப்பொழுது முழுவதையும் அதற்கே அர்ப்பணித்துவிடுவார்களாம். ராஜாஜியும் கல்கியும் மதித்துப் போற்றிய அந்த ரஸனை முறையை, நண்பர் தம்மோடு எங்கள் படித்துறைக்குக் கொண்டுவந்தார். பதவுரை பொழிப்புரையென்று கம்பனைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, ஒரு பாட்டு வாய்விட்டுச் சொல்வதற்காக இயற்றப்பட்டது என்ற உண்மை அவர் குரலில்தான் புலனாயிற்று. அயோத்தியா காண்டத்துப் பாடல் ஒன்றைச் சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டால், அடுத்தவர் பேசச் சற்று நேரம் ஆகும்.

பட்டு வியாபாரக் குடும்பத்து இளைஞரின் உலகம் வேறு. தம் சமூகத்தவரும், சரிகை வியாபாரம் செய்துகொண்டே கதைகள் எழுதியவரும், ‘தேனீ’ என்ற பத்திரிகையை நடத்தியவருமான எம்.வி. வெங்கட்ராமைக் குறித்து அவருக்கு அளவற்ற பெருமிதம். அந்த வாயிலாக அவர் ‘மணிக்கொடி’ பத்திரிகை எழுத்தாளர்களிடம் சென்றார். கும்பகோணத்துக்காரர்களான ந. பிச்சமூர்த்தியும் கு.ப. ராஜகோபாலனும் அருகருகே எழுதி, ஒருவர் எழுத்தை ஒருவர் வாசித்து வளர்ந்ததை அவர் சொல்லும்போது, எங்கள் தெருக்களே எங்களுக்குப் புதிதாகத் தெரியும். கு.ப.ரா.வுக்குக் கண்பார்வை மங்கிப்போயிருந்த காலத்தில், அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் அவருடைய தங்கை சேது அம்மாள் என்பதும், அந்த அம்மையார் பின்னர் தாமே கதைகள் எழுதிப் பெயர் பெற்றார் என்பதும் அவர் வாயிலாகவே நான் அறிந்தவை. அண்ணனின் கதைகளுக்கு முதல் வாசகியாக இருந்தவர் அந்தத் தங்கையே. அவ்வளவு அருகிலிருந்து ஒரு கதை உருவாவதைக் கேட்டவருக்கு வேறு பள்ளிக்கூடம் வேண்டியிருந்திராது.

இவர்கள் நடுவே மண்டிக் கணக்கர், கல்கியின் பரம பக்தராக அசையாது அமர்ந்திருப்பார். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, மணியத்தின் சித்திரங்களோடு அதன் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தார். அந்தத் தொகுதிகள் பாதி கும்பகோணத்தை வலம்வந்தவை. எங்கள் சபையில் மணிக்கொடி எழுத்தாளரான மௌனியைப் பற்றியும் கல்கியைப் பற்றியும் நடந்த வாதங்கள் சில சமயம் இருட்டிய பிறகும் நீளும். ஆயினும் ஒருவர் விரும்பும் ஆசிரியரை மற்றவர் வாசிக்காமலே மறுப்பதை எவரும் அனுமதிக்கவில்லை. ஆகவே பட்டு வியாபாரக் குடும்பத்து இளைஞர் வந்தியத்தேவனோடு சோழநாட்டுச் சாலைகளில் பயணம் செய்தார், கணக்கரோ மௌனியின் ‘அழியாச்சுடர்’ என்ற கதையைப் பலமுறை வாசித்து, “இது எனக்குப் புரிந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் கோயிலுக்குள் போனால் இப்போதெல்லாம் இந்தக் கதை கூடவே வருகிறது” என்றார். ஒரு கதையைப் பற்றி அதைவிட உயர்ந்த அபிப்பிராயத்தை நான் கேட்டதில்லை.

அவருக்கென்று நான் தேர்ந்து கொடுத்த நூல் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’. ‘சுதேசமித்திர’னில் தொடராக வந்து, பின்பு நூலுருப் பெற்ற அந்த நாவலில், பாபுவும் யமுனாவும் சங்கீத வித்துவான் ரங்கண்ணாவும் நடமாடுவது எங்கள் கும்பகோணத்தில். கணக்கர் அதைப் பகலெல்லாம் மண்டியில் பேரேட்டுக்கு அடியில் வைத்திருந்து இரவில் வாசித்தார். அடுத்து நாங்கள் கூடியபோது அவர் யமுனாவைப் பற்றிப் பேசவில்லை. ரங்கண்ணாவைப் பற்றியே பேசினார். தம் இளமையில் பாட்டுக் கற்கச் சென்று, தகப்பனார் மறைவால் அதை விட்டுவிட்டு மண்டியில் வந்து அமர்ந்த வரலாற்றை, அத்தனை காலம் எங்களுடன் பழகியும் சொல்லாதவர், அன்று அந்த நாவலை முன்னிட்டுச் சொன்னார். தம்பூராவின் சுருதி ஒரு வீட்டை எப்படி நிறைக்கும் என்று அவர் வர்ணித்த பிறகு நான் மீண்டும் அந்நூலை வாசித்தேன். முதல் வாசிப்பில் நான் கடந்து சென்றிருந்த பக்கங்களெல்லாம் நாதத்தோடு எழுந்து நின்றன. நான் கொடுத்ததைக் காட்டிலும் பெரிய நூலாக அது என்னிடம் திரும்பி வந்தது.

படித்துறைக்கு வராமலே அந்தச் சபையில் முக்கியமான ஸ்தானம் வகித்தவர் ஒருவர் உண்டு. டபீர் தெருவில் இருந்த என் அத்தை இளம்வயதிலேயே கணவனை இழந்தவர்; பள்ளிப்படிப்பும் அதிகமில்லை. சமையற்கட்டின் காரியங்கள் முடிந்தபின், கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு வாசிப்பதே அவருக்கு வாழ்வில் மிஞ்சிய சுதந்தரம். வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவல்களில் தொடங்கி, லக்ஷ்மி எழுதியவற்றைக் கடந்து, கா.ஸ்ரீ.ஸ்ரீ. மொழிபெயர்த்த காண்டேகரின் ‘கிரௌஞ்ச வத’த்திற்கு வந்திருந்தார். கோபால் ராவ் நூலகத்திலிருந்தும் சிநேகிதர்களிடமிருந்தும் நான் நூல்களைக் கொண்டுவந்து கொடுப்பேன். நீலகிரிப் படகர்களின் வாழ்வைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ வந்தபோது, மலையையே கண்டிராத அவர், அம்மக்களின் கலியாணத்தையும் விளைச்சலையும் பற்றி எங்கள் பக்கத்து வழக்கங்களோடு ஒப்பிட்டு நாள்கணக்கில் பேசினார்.

ஒருமுறை கு.ப.ரா.வின் ‘விடியுமா?’ என்ற கதையை அவரிடம் கொடுத்தேன். சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் கணவனைப் பற்றித் தந்தி வந்து, மனைவி தன் தம்பியோடு இரவு ரயிலில் கும்பகோணத்திலிருந்து புறப்படும் கதை அது. மறுநாள் அத்தை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, “தந்தி வந்த வீட்டில் ராத்திரி எவ்வளவு நீளம் என்று இவருக்கு எப்படிடா தெரிந்தது?” என்று கேட்டார், வேறொன்றும் சொல்லவில்லை. கதையின் உருவத்தையும் உத்தியையும் பற்றி அதுவரை நாங்கள் பேசியிருந்ததெல்லாம் எனக்கு நினைவு வந்தது. அந்த வாக்கியத்தை நான் படித்துறையில் சொன்னபோது, தமிழாசிரியர் உடனே கணக்கரை அழைத்து, கதையை முதலிலிருந்து உரக்க வாசிக்கச் சொன்னார். அம்முறை நாங்கள் கேட்டது ரயிலின் ஓட்டத்தையன்று. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அந்தப் பெண் தன்னைத் தேற்றிக்கொள்ளும் முயற்சியைக் கேட்டோம். ரஸனை என்பது கல்வியால் மாத்திரம் வருவதன்று, பட்ட பாட்டாலும் வருவது என்பதற்கு எனக்கு வேறு பிரமாணம் வேண்டியதில்லை. அதன்பின், புதிதாக வரும் நூலை “முதலில் உங்கள் அத்தை வாசிக்கட்டும்” என்று ஆசிரியரே என்னிடம் தந்தனுப்புவார்.

அத்தையிடம் போன நூல் அத்தையோடு நின்றதில்லை. எதிர்வீட்டு நாட்டுப்பெண், கோடிவீட்டுப் பாட்டி, பிரசவத்திற்கு வந்திருக்கும் பெண் என்று அந்தத் தெருவின் உட்புறமெல்லாம் சுற்றி, ஓரத்தில் மஞ்சள் விரல் பதிந்து திரும்பும். யார் எதை வாசித்தார்கள், எந்த இடத்தில் அழுதார்கள், எந்தப் பாத்திரத்தின்மேல் கோபம் கொண்டார்கள் என்ற விருத்தாந்தம் முழுவதும் அத்தையிடம் இருக்கும். ஆற்றங்கரையில் ஆண்கள் கூடிப் பேசியதற்கு இணையாக, வீடுகளின் இரண்டாம் கட்டிலும் கிணற்றடியிலும் மற்றொரு இலக்கிய சபை நடந்துகொண்டிருந்தது. தமிழ் நாவலின் வளர்ச்சியை எழுதுகிறவர்கள் அந்தச் சபையையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நூல்களை இரவல் கொடுப்பதிலும் எங்களுக்குள் ஒரு மரியாதை இருந்தது. பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுத்தான் கொடுப்போம். ஓரங்களில் பென்சிலால் மெல்லிய கோடு இடலாம்; மையால் எழுதலாகாது. முன்பு வாசித்தவர் கோடிட்ட இடத்தில் நாம் நிற்பதும், அவர் கோடிடாமல் சென்ற இடத்தில் நாம் கோடிட நேர்வதும், நேரில் பேசாமலே நடக்கும் ஸம்பாஷணையாக அமைந்தன. கதையின் முடிவை எவரும் சொல்வதில்லை. வாசித்தாயிற்றா என்று அவசரப்படுத்துவதும் இல்லை. ஒரு நூல் ஒருவரிடம் மாதக்கணக்கில் தங்கினால், அதற்கு அங்கே வேலை இருக்கிறது என்று ஆசிரியர் சொல்வார். அதிகாரத்தோடு ஒருவர்மேல் சுமத்தப்பட்ட நூல் அவருக்குப் பாடபுத்தகமாகிவிடுகிறது என்பதை, வாழ்நாளெல்லாம் பாடம் சொன்ன அவர் அறிந்திருந்தார்.

எங்கள் சிறிய வட்டத்திற்கு வெளியேயும் இதே காரியத்தைப் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். க.நா. சுப்ரமண்யம் ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பிலேயே தாம் விரும்பிய தமிழ் நூல்களை அறிமுகம் செய்து எழுதினார். அத்துடன், நார்வே நாட்டு நட் ஹாம்சனின் ‘நிலவள’த்தையும், ஸ்வீடன் நாட்டு ஸெல்மா லாகர்லெவின் ‘மதகுரு’வையும் தமிழில் ஆக்கித் தந்தார். நார்வேயின் வடபகுதியில் தனியொருவன் காட்டைத் திருத்தி நிலமாக்கும் கதையைக் காவேரிப் பாசனத்தில் பிறந்த நாங்கள் ஆவலோடு வாசித்தது, அதை விரும்பிய ஒருவர் எங்களுக்காக அதைத் தமிழாக்கும் உழைப்பை மேற்கொண்டதால் அல்லவா? 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஊர் ஊராகச் சென்றவர். கைப்பொருளைச் செலவழித்து அவர் நடத்திய அந்த யாத்திரைகளை வியாபாரம் என்று சொல்ல மனம் வருமா? தாம் மதித்த எழுத்து, அதை மதிக்கக்கூடிய ஒருவர் கண்ணில் படாமல் போய்விடக் கூடாதே என்ற தவிப்புத்தான் அவரை நடக்கவைத்தது. மன்னார்குடியில் 1931லேயே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற முயற்சியும் இந்தத் தவிப்பைச் சேர்ந்ததே. சீகாழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதே ஆண்டில் வெளியிட்ட நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் உண்டு என்ற கருத்து இடம்பெற்றிருப்பதை நான் பிற்காலத்தில் அறிந்தபோது, எங்கள் ஆசிரியரின் கேள்விக்கு ஒரு சாஸ்திரமே இருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன்.

கல்லூரி முடிந்து உத்தியோக நிமித்தம் நாங்கள் சிதறினோம். ஆசிரியரும் அத்தையும் கணக்கரும் இன்று இல்லை. ஆயினும் பல ஊர்களில் வசித்த என் அனுபவத்தில், புதிய இடத்தில் யாரேனும் ஒருவரிடம் “இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?” என்று கேட்டு, அவர் முகம் மலர்ந்தால், அந்த ஊர் எனக்குச் சொந்த ஊராகிவிடும். க்ஷேமம் விசாரிப்பதில் இதைவிட அந்தரங்கமான முறை வேறில்லை. உடம்பைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் கேட்டால் வழக்கமான விடை வரும்; வாசிப்பைப் பற்றிக் கேட்டால், அந்த மனிதர் அந்தச் சமயத்தில் எதை நாடி எங்கே சஞ்சரிக்கிறார் என்பது தெரிந்துவிடும். விதைநெல் குதிருக்குள்ளேயே கிடந்தால் என்ன பயன்? நாம் நேசிக்கும் நூலும் அவ்வாறே. அதை நேசித்த கடன், அதை இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் தீரும்.

எனவே என் ஆசிரியரின் நியமப்படி நானும் சில நூல்களையும் அவற்றுக்குரியவர்களையும் சொல்கிறேன். கற்றது போதும் என்ற எண்ணம் எவருக்கேனும் வந்திருந்தால், அவர் ‘என் சரித்திரம்’ வாசிக்கட்டும்; பெரும் புலமை பெற்ற பின்பும் மாணவராகத் தொடங்கியவரை அங்கே சந்திப்பார். மணமாகிப் புதிய ஊருக்குச் சென்று, மனத்திலிருப்பதைச் சொல்ல ஆளில்லாமல் இருக்கும் பெண்ணுக்குக் கு.ப.ரா.வின் கதைகளைக் கொடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ இருக்கட்டும். அக்கதையின் பெயர் தாங்கிய தொகுப்பு 1970இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. புத்தகங்களுக்காகக் குழந்தைகள் ஓடிவரும் ஒரு வீட்டில், எல்லோருக்கும் ஏதேனும் கிடைத்துக்கொண்டிருக்கையில், கிடைக்காமல் நிற்கும் ஒரு சிறுவனின் மனத்தை அழகிரிசாமி நமக்குக் காட்டுகிறார். ஒரு புத்தகத்தைக் கொடுப்பதில் நாம் அந்த மனிதரை நினைத்தோம் என்ற செய்தியும் சேர்ந்து போகிறது என்பதை அக்கதை வாசித்தவர்கள் மறக்கமாட்டார்கள். உங்கள் தெருவிலும், உங்கள் அலுவலகத்திலும், இதுவரை எவரும் எந்தப் புத்தகத்தையும் கொடுத்திராத ஒருவர் இருப்பார், அவரிடமிருந்து தொடங்குங்கள்.